முழங்காலுக்குக் கீழே

மின்வாரியத்துக்கு மீட்டர் பார்ப்பவன் நான்.
துகாஜின் மலையில் எல்லா வீட்டு நாயும் என்னை அறியும்.
அதனால்தான் கூப்பிட்டார்கள்,
பகைவீடு இரண்டுக்கும் நடுவே போய்வர.
யார் இரத்தமும் படாத கை, என்றார்கள்.
பெருமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

ந்தோட்ஸின் மகன் பிரெங்கை
வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் சுட்டவன்
மர்தீன் வீட்டு இளையவன்.
அன்றிலிருந்து பதினோரு வருடம்
மர்தீன் வீட்டு ஆண்கள் வெயில் பார்க்கவில்லை.
அங்கே மீட்டர் வேகமாக ஓடும்:
பகலிலும் விளக்கு, பகலிலும் தொலைக்காட்சி.
ந்தோட்ஸ் வீட்டில் அது அசையவே அசையாது.
இருட்டில் ஆணியில் தொங்கும் ஒரு சட்டை.
மார்பில் கறுத்த கறை. அது மஞ்சளானால்
செத்தவன் பழி கேட்கிறான் என்பது வழக்கு.
ஒவ்வொரு மாதமும் மீட்டரைப் பார்த்துவிட்டு
அந்தக் கறையையும் பார்ப்பேன்.

கல்யாணங்களில் ந்தோட்ஸுக்குக் காப்பி
முழங்காலுக்குக் கீழாகத்தான் நீட்டப்படும்.
பழி வாங்காதவனுக்கு அவ்வளவுதான் மரியாதை.
கிண்ணத்தைத் தொடமாட்டார். எழுந்து போவார்.

ஏழு முறை போனேன்.
நிலம் சொன்னேன், பணம் சொன்னேன்,
பன்னிரண்டு ஆண்களின் சத்தியம் சொன்னேன்.
ஏழாவது முறை அவர் கேட்டார்:
"பஷ்கோ, இதில் நீ எதை இழப்பாய்?"
மீட்டர் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு
இறங்கி வந்தேன்.

தீலா அவருடைய மகள்.
பகைக்கு முந்தைய இலையுதிர்காலத்தில்
மர்தீன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்.
செத்தவன் தம்பி, சுட்டவன் கொழுந்தன்.
இரண்டு வீட்டிலும் அவள் அழுதால் தப்பு.
பதினோராம் வருடம் பிறந்த பிள்ளையைத்
தொட்டிலோடு முதுகில் கட்டிக்கொண்டு
யாரிடமும் சொல்லாமல் மலை ஏறினாள்.
வழியில் பார்த்து நானும் பின்னால் போனேன்,
ஒரு வார்த்தைக்கும் உதவாதவனாக.

பழைய முறை அது. கேள்விப்பட்டது மட்டும்தான்.
அப்பன் வாசலில் தொட்டிலைக் கவிழ்த்து வைத்தாள்.
பிள்ளையின் முகம் தரைப் பக்கம்,
நாடாக்கள் மட்டும் தாங்க.
நிமிர்த்தினால் மன்னிப்பு. இல்லையென்றால் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு ந்தோட்ஸின் மூக்கு,
மர்தீன் வீட்டு நெற்றி.
இரண்டு இரத்தமும் ஒரே கழுத்தில் துடிக்க
வீறிட்டது.
யாருக்காகவும் பரிந்து பேசவில்லை.
பேச்சே வரவில்லை இன்னும் அதற்கு.

ந்தோட்ஸ் சட்டையைப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார்.
ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரம்.
அழுகை விக்கலாயிற்று. விக்கலும் நிற்கப் பார்த்தது.
தீலா கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்,
தானே எடுத்துவிடாமலிருக்க.

நிமிர்த்தினார்.
அப்போது அவர் முனகியது
கடன் முழுதும் தன் தலையிலேயே ஏறியவன்
முனகுவது போல இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசையில் குருவானவர்
கடவுளுக்கும் மனிதருக்கும் இடையில் நிற்கும்
அந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார்.
அதுவரை அவரையும்
என்னைப்போல நினைத்திருந்தேன்:
கறைபடாத கை, இரு பக்கமும் நல்ல பேர்.
நடுவில் நிற்பது வேறு,
நடுவில் நடப்படுவது வேறு.
பீடத்துக்கு மேலே ஆணியில் தொங்கியவர்
அன்று எனக்குச் சட்டையாகவும் தெரிந்தார்,
தொட்டிலாகவும்.

தொட்டில் சுமந்தவள்
சுட்டவன் வீட்டிலிருந்து வந்தாள்,
ஆனால் செத்தவன் வீட்டு மகள்.
அப்படியானால் யார் யாரிடம் கெஞ்சியது?
குருவானவரிடம் கேட்க நினைத்தேன்.
வெளியே மழை. கேட்கவில்லை.

செப்டம்பரில் ஒரு கல்யாணம்.
சிலருக்கு இன்னும் பழக்கம் போகவில்லை:
காப்பி கொடுத்த பையனின் கை
கீழாகத்தான் வந்தது.
ந்தோட்ஸ் மடியில் பேரன், கால் ஆட்டிக்கொண்டு.
அந்தக் குட்டிப் பாதத்துக்கும் கீழே கிண்ணம்.
நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினோம்.

குனிந்து வாங்கினார்.
குடித்தார்.